இந்த எஸ்எம்பிஎஸ் தாங்குமா?

1981-ல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குள் மின்சாரம் தந்த பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 63.5 வாட். பிராசசர், மெமரி, ஃப்ளாப்பி டிரைவ், திரைக்குப் படம் அனுப்பும் கார்டு எல்லாம் அந்த 63.5 வாட்டுக்குள் அடங்கிவிட்டன. 2025 ஜனவரியில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 என்ற ஒற்றை கிராபிக்ஸ் கார்டு மட்டும் 575 வாட் வரை இழுக்கிறது. அந்தக் காலத்து ஒன்பது கம்ப்யூட்டர்களுக்கான மின்சாரம் இன்று ஒரே கார்டுக்குப் போகிறது. அதை மாட்ட 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று அதைச் செய்த நிறுவனமே சொல்கிறது.

5090 எல்லார் வீட்டுக்கும் வரப்போவதில்லை. ஆனால் அதைவிட எளிய கார்டு வாங்குகிறவரும் அதே கேள்வியோடுதான் கடைக்கு வருகிறார். சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், காதில் விழும்.

"அண்ணா, புது கார்டு போடணும். இருக்கிற எஸ்எம்பிஎஸ் தாங்குமா?"

"எத்தனை வாட் தம்பி?"

"450."

"அப்ப போதும்."

பேச்சு அதோடு முடிந்துவிடுவதுதான் சிக்கல். கடந்த 25 ஆண்டுகளில் கார்டு மாறியது, எஸ்எம்பிஎஸ்ஸின் உட்புறம் மாறியது, இரண்டையும் இணைக்கும் ஒயரும் மாறியது. விடை தேடும் இடத்தை மட்டும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்தே இன்றும் தலையசைக்கிறோம். உண்மையான விடை அந்த எண்ணை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கேபினட்டோடு வந்த பெட்டி

1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அந்தக் கொட்டேஷன் தாள் நினைவிருக்கும். பிராசசர் ஒரு வரி, மதர்போர்டு ஒரு வரி, ரேம், ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி கிடையாது. 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று கேபினட்டோடு சேர்த்து எழுதுவார்கள். கேபினட்டின் நிறத்தைக் கேட்டவர்கள் உண்டு; உள்ளே இருப்பது எத்தனை ஆம்பியர் தரும் என்று கேட்டவர் யாருமில்லை.

கேட்காதது அன்றைக்குத் தவறும் இல்லை. பென்டியம் 3 பிராசசர்களில் பல 30 வாட்டுக்குள் ஓடின. பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டு 25 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. 1996-ல் வந்து முப்பரிமாண விளையாட்டுகளின் முகத்தையே மாற்றிய வூடூ கார்டுக்குத் தனி மின் ஒயர் கிடையாது. 1997-ல் ஏஜிபி ஸ்லாட் வந்தது. அதில் செருகிய டிஎன்டி2, ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் போன்றவையும் ஸ்லாட் தந்ததை வைத்தே ஓடின. ஆகவே கார்டு வாங்க வந்தவர் கேட்ட கேள்விகள் வேறு. "ஏஜிபி ஸ்லாட் இருக்கா? 32 எம்பியா, 64 எம்பியா? வைஸ் சிட்டி கேம் ஓடுமா?" மின்சாரம் பற்றிய கவலை அந்தப் பட்டியலில் இல்லை.

மின்சாரத்தைப் பற்றிய பயம் அன்று வேறு இரண்டு இடங்களில் இருந்தது. பழைய ஏடி வகை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு பி8, பி9 என்று இரண்டு தனித்தனி கனெக்டர்கள் வரும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும் என்பது அசெம்பிள் செய்யும் பையன்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். மாற்றிச் செருகினால் மதர்போர்டு போய்விடும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை அதை ஒரே 20 பின் கனெக்டராக்கி அந்த ஆபத்தை ஒழித்தது. இரண்டாவது, பின்பக்கத்தில் இருந்த சிவப்பு ஸ்விட்ச். 115 பக்கம் தள்ளியிருக்கும் பெட்டியை நம்மூர் 230 வோல்ட்டில் செருகினால் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே தீய்ந்த நாற்றம். 115-க்கு வைத்தால் உள்ளே வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும். 230-ஐயும் அது இரட்டிப்பாக்க முயன்றதால் கெப்பாசிட்டர் வெடித்தது. இந்த இரண்டையும் கவனித்துவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை மறந்துவிடலாம். மறக்க முடிந்த காலம் அது.

கார்டு தனியாகக் கேட்கத் தொடங்கியது

2000-ல் வந்த வூடூ5 5500 கார்டில் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மோலெக்ஸ் கனெக்டரைச் செருக இடம் இருந்தது. 2002-ல் ஏடிஐ ரேடியான் 9700 ப்ரோவுக்கு ஃப்ளாப்பி டிரைவுக்குப் போகும் சின்ன கனெக்டர் தேவைப்பட்டது. 2004-ல் வந்த ஜிஃபோர்ஸ் 6800 அல்ட்ரா இரண்டு மோலெக்ஸ் கேட்டது. 480 வாட் எஸ்எம்பிஎஸ் வையுங்கள் என்று என்விடியா சொன்னது. 300 வாட் பெட்டியே தாராளம் என்று இருந்தவர்களுக்கு அந்த எண் மிரட்சியாக இருந்தது.

அதே ஆண்டுகளில், எந்த விளம்பரமும் இல்லாமல், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. எஸ்எம்பிஎஸ் முக்கியமாக மூன்று மின்னழுத்தங்களைத் தரும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட். பழைய கம்ப்யூட்டரின் பெரும் பசி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இருந்தது. 12 வோல்ட் மோட்டார்களுக்கும் ஃபேனுக்கும் மட்டும். 2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசசர் 50 வாட்டைத் தாண்டியது. அத்தனையையும் 5 வோல்ட்டில் தர வேண்டுமானால் ஆம்பியர் ஏறும். ஆம்பியர் ஏறினால் ஒயரும் கனெக்டரும் சூடாகும். 60 வாட்டை 5 வோல்ட்டில் கொடுக்க 12 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் கொடுக்க 5 ஆம்பியர் போதும். ஆகவே பிராசசருக்கென்று 12 வோல்ட் தரும் 4 பின் கனெக்டர் வந்தது. 2003-ல் ஏடிஎக்ஸ்12வி 2.0 விதிமுறை எஸ்எம்பிஎஸ்ஸின் வலுவையே 12 வோல்ட் பக்கம் திருப்பியது. மதர்போர்டு கனெக்டரும் 24 பின் ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டை நம்பியே வாழ்கின்றன.

ஒரு லேபிளை நிதானமாகப் படிப்போம்

இந்த மாற்றம் நம் கடைகளில் விற்ற மலிவுப் பெட்டிகளுக்குள் வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. கேபினட்டோடு வந்த பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் பக்கவாட்டு லேபிள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 3.3 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், கீழே மைனஸ் 12 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர், ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர்.

பெருக்கிப் பாருங்கள். 3.3-ல் 92 வாட், 5-ல் 150 வாட், 12-ல் 192 வாட். மீதி இரண்டும் சேர்ந்து 16 வாட். கூட்டினால் 450 வந்துவிடும். எண்ணில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இன்றைய கார்டுக்கும் பிராசசருக்கும் பயன்படப்போவது அந்த 192 வாட் மட்டும்தான். மீதியில் 240 வாட்டுக்கு மேல் யாரும் கேட்காத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடக்கிறது. பந்தியில் அண்டா அண்டாவாக ரசமும் மோரும் வைத்துவிட்டு, சோறு ஒரு படி மட்டும் வடித்த கதை.

இப்போது தரமான இன்றைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுங்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 36 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இருக்கும். 36-ஐ 12-ஆல் பெருக்கினால் 432 வாட். பெட்டியின் மேல் அதே 450. உள்ளே கிடைப்பது இரண்டு மடங்குக்கும் மேல்.

கணக்கை ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்ப்போம். இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர் முழு மூச்சில் ஓடினால் 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். இரண்டும் சேர்ந்து 287 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர். 16 ஆம்பியர் தரும் 450 வாட்டில் இது நடக்காது. 36 ஆம்பியர் தரும் 450 வாட்டில் ஓடும். ஆனாலும் மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 50 வாட், திடீர் ஏற்றத்துக்குக் கொஞ்சம், நாள்பட்ட தேய்மானத்துக்குக் கொஞ்சம் என்று ஒதுக்கினால் 550 வாட் நிம்மதி தரும். என்விடியாவும் 3060-க்கு 550 வாட்டைத்தான் பரிந்துரைக்கிறது. "450 போதுமா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். "12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டால் விடை ஒன்றுதான்.

இதையும் சொல்ல வேண்டும்: மிக மலிவான பெட்டிகளில் லேபிளையே நம்ப முடியாது. பழுதுக்கு வந்த அப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் காயில் வைக்க சர்க்யூட் போர்டில் இடம் அச்சடித்திருக்கும், காயில் இருக்காது. அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, ஹீட்சிங்க் வெறும் தகடு. அனுபவமுள்ள கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்ப்பது இதனால்தான். உள்ளே சரக்கு இல்லாதது எடையிலேயே தெரிந்துவிடும். வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கனெக்டர் சொன்ன உண்மை

2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் கணக்கு தெளிவானது. கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட். பிறகு வந்த 8 பின் கனெக்டர் 150 வாட். கார்டின் ஓரத்தைப் பார்த்தே அதன் பசியை அளந்துவிடலாம். ஒரு 8 பின் இருந்தால் உச்சவரம்பு 225 வாட். இரண்டு இருந்தால் 375.

எஸ்எம்பிஎஸ் பக்கமும் அதே தெளிவு வந்தது. 6 பின், 8 பின் ஒயர் தன்னிடமே இல்லாத எஸ்எம்பிஎஸ், "இந்த வேலைக்கு நான் இல்லை" என்று சொல்லிவிடுகிறது. அதைக் கேட்காமல் இருக்க ஒரு வழியைச் சந்தை கண்டுபிடித்தது: கன்வெர்ட்டர் ஒயர். மோலெக்ஸிலிருந்து 6 பின், சாட்டாவிலிருந்து 6 பின். கடையில் மிகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். செருகினால் பொருந்தும், கம்ப்யூட்டரும் ஆன் ஆகும். ஆனால் ஒரு சாட்டா மின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் கேட்கும் 6 பின்னை அதில் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் உருகும் என்பது ஜாதகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மூர் நடுத்தர வீடுகளுக்கு நல்ல காலத்தைக் கொண்டுவந்தவை ஒயரே கேட்காத கார்டுகள். 2014-ல் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட். 2016-ல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 75 வாட். 2019-ல் ஜிடிஎக்ஸ் 1650, அதுவும் 75 வாட். ஸ்லாட்டில் செருகினால் போதும். அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்பி, லெனோவோ கம்ப்யூட்டர்களைப் பழைய பொருள் விலைக்கு வாங்கி, இந்த மாதிரி ஒரு கார்டைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இன்று எல்லா ஊரிலும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் எடிட்டிங் கற்றுக்கொள்வதும் வேலரண்ட் விளையாடுவதும் அதில்தான். நல்ல யோசனை, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அந்தப் பெட்டிகளில் சிறியவற்றின் எஸ்எம்பிஎஸ் பல நேரம் 180-லிருந்து 260 வாட்டுக்குள் இருக்கும். மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் பொது அளவில் இருக்காது, பெட்டியின் உருவமும் தனி. கடையில் கிடைக்கும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. அதில் 75 வாட் கார்டோடு நின்றுகொள்வதே அறிவு. 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வடிவம் 70 வாட் என்பதால், இந்தப் பெட்டிகளுக்கு இன்னும் வழி அடைபடவில்லை.

வாட்டோடு நேரமும் சேர்ந்துகொண்டது

2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 ஒரு புதிய பாடம் சொன்னது. அதன் கணக்கு 320 வாட். 650, 750 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்கள் சிலருக்கும் விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் அணைந்தது. கூட்டிப் பார்த்தால் வாட் போதுமானதாகவே இருந்தது. காரணம், 320 என்பது சராசரி. காட்சி மாறும் நொடியில் கார்டு சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் அதைவிட மிக அதிகமாக இழுத்தது. மீட்டர் அதைக் காட்டாது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று மட்டும் அதைப் பார்த்து, "ஏதோ ஷார்ட்" என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இந்தக் கோளாறின் முகத்தை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. டெஸ்க்டாப்பில் எந்தத் தொல்லையும் இருக்காது. படம் பார்க்கலாம், டைப் செய்யலாம். விளையாட்டைத் திறந்ததும் மெனுவரை சரியாக வரும். சண்டைக் காட்சி தொடங்கும் கணத்தில் திரை கறுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எல்லா ஃபேனும் நிற்கும், சில நேரம் தானே மறுபடி ஆன் ஆகும். நீலத் திரை வராது, பிழைச் செய்தி வராது. வீட்டில் விண்டோஸை மறுபடி ஏற்றுவார்கள், டிரைவரை மாற்றுவார்கள், கடைசியில் கார்டு பழுது என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள். கடையில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால் கார்டு ஒழுங்காக ஓடும். கனமான வேலையில் மட்டும், எச்சரிக்கையே இல்லாமல் அணைகிறதென்றால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் போக வேண்டும்.

2022-ல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்தச் சிக்கலை நேராகக் கையில் எடுத்தது. கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டர் உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் திறனைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடி வரை அணையாமல் தாங்க வேண்டும் என்றது. அன்று 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் போதும். இன்று 'எவ்வளவு, எத்தனை நேரம்' என்று சேர்த்துக் கேட்கிறோம். புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

ஒயர் என்னும் கடைசிக் கண்ணி

2022 அக்டோபரில் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது. பழைய முறைப்படி அதற்கு மூன்று 8 பின் கனெக்டர்கள் வேண்டும். அதற்குப் பதிலாக 600 வாட்டையும் ஒரே செருகலில் தரும் அந்த 16 பின் கனெக்டரைப் பயன்படுத்தினார்கள். சில வாரங்களில் அது உருகிய படங்கள் உலகம் முழுக்கப் பரவின. முழுதாகச் செருகப்படாமல் இருந்ததே முக்கிய காரணம் என்று என்விடியா விளக்கியது. ஆனால் ஒரு சின்னத் தவறு இவ்வளவு தூரம் போனதன் காரணம் கணக்கில் இருக்கிறது.

பழைய 8 பின்னில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். 150 வாட்டை மூன்றால் பகிர்ந்தால் பின் ஒன்றுக்கு 4 ஆம்பியர் சொச்சம். அந்தப் பின் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தாங்கும். பாதி பழுதானாலும் பிழைத்துக்கொள்ளும். புதிய கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு ஆறு பின்கள். 600 வாட் போனால் பின் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். அதன் தாங்குதிறனோ 9 ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு பின் சரியாகத் தொடாமல் நின்றால், அதன் பங்கும் மற்ற ஐந்தின் தலையில் விழும். அவை எல்லை தாண்டும், சூடாகும், பிளாஸ்டிக் இளகும். 2023-ல் திருத்திய வடிவம் வந்தது. சரியாகச் செருகியிருக்கிறதா என்று உணரும் சின்ன பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு முழு மின்சாரம் இழுக்காது.

நம் கையில் இருப்பது இவ்வளவுதான்: கனெக்டர் கடைசிவரை உள்ளே போனதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். செருகிய இடத்திலேயே ஒயரை மடக்கிக் கேபினட் கதவை அழுத்தி மூடக் கூடாது. இன்னொன்று, மாட்யூலர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒயர்களைத் தனியே கழற்றலாம். ஒரு நிறுவனத்தின் ஒயரை இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. கார்டு பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எது வரும் என்பதற்குப் பொது விதி இல்லை. பொருந்துகிறதே என்று செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், ஹார்டு டிஸ்க்கோடு பத்து வருடப் புகைப்படங்களும் போய்விடும்.

யுபிஎஸ்ஸும் கேட்கிறது அதே கேள்வியை

வெளிநாட்டுக் குறிப்புகள் எதிலும் அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று நமக்கு உண்டு. கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் நம் வீடுகளில் ஒரு யுபிஎஸ் உட்கார்ந்திருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தைக் கடந்தவர்கள் யுபிஎஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் வாங்க மாட்டார்கள். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது ஏறத்தாழ 360 வாட்தான். அன்று கம்ப்யூட்டரும் டப்பா மானிட்டரும் சேர்ந்தே 200 வாட்டுக்குள் இருந்தன. கரண்ட் போனால் வேலையைச் சேமித்து அணைக்க அவகாசம் கிடைத்தது. இன்று விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் 400 வாட் இழுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அந்த யுபிஎஸ் ஒரு முறை அலறிவிட்டு உடனே அணைந்துவிடும். புது எஸ்எம்பிஎஸ் மேல் பழி விழும்.

போதாததற்கு, தரமான எஸ்எம்பிஎஸ்களில் சீரான அலையை எதிர்பார்க்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. மலிவு யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தரும் மின்சாரம் சீரான அலையாக இருக்காது, படிக்கட்டு வடிவில் இருக்கும். சில ஜோடிகளுக்கு இது ஒத்துப்போகும். சில ஜோடிகளில் பேட்டரிக்கு மாறும் நொடியிலேயே கம்ப்யூட்டர் விழுந்துவிடும். ஆகவே கார்டு மாற்றும்போது எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாத பிளக் பாயிண்ட்டில் இத்தனையையும் மாட்டுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

இன்று கேட்க வேண்டியவை

முதலில் லேபிளில் 12 வோல்ட் வரி. அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். கார்டின் வாட், பிராசசரின் உச்ச வாட், மீதிக்கு 50 என்று கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, 12 வோல்ட் தரும் வாட்டில் 70 சதவீதத்துக்கு அருகில் நின்றால் நல்லது. ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட். நல்ல 450 வாட்டிலேயே அது நிம்மதியாக ஓடும். 4070 என்றால் 200 வாட். 650 வைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, கார்டு கேட்கும் கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே பிறவியில் இருக்க வேண்டும். கன்வெர்ட்டரில் பிறக்கக் கூடாது. மூன்றாவது, வயது. கெப்பாசிட்டர்கள் சூட்டில் தேய்பவை. நம்மூர் மே மாதத்தில் மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் எட்டு வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை, லேபிளில் என்ன இருந்தாலும், புது கார்டுக்குக் கொடுக்கத் தயங்குங்கள். நான்காவது, 80 பிளஸ் முத்திரையின் பொருள். 2004-ல் தொடங்கிய அந்தத் திட்டம் சிக்கனத்தை அளக்கிறது. 400 வாட் வேலைக்கு 80 சதவீதச் சிக்கனமுள்ள பெட்டி சுவரிலிருந்து 500 வாட் எடுக்கும், 90 சதவீதம் என்றால் 444 எடுக்கும். கரண்ட் பில்லுக்கும் அறைச் சூட்டுக்கும் நல்லது. கார்டின் திடீர் இழுப்பைத் தாங்குமா என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

அன்று இல்லாத ஒரு வசதியும் இன்று உண்டு. கார்டின் மின் உச்சவரம்பை மென்பொருளிலேயே 80 சதவீதத்துக்கு இறக்கிவைக்கலாம். பல கார்டுகளில் வேகம் சிறிதளவே குறையும். சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். விளிம்பில் நிற்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது கைகொடுக்கும். மோசமான எஸ்எம்பிஎஸ்ஸை இது நல்லதாக்காது.

பணத்தை எங்கே வைப்பது?

முப்பதாயிரம் ரூபாய்க்குக் கார்டு வாங்கிவிட்டு, ஆயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அப்பாவின் போனஸ், அக்காவின் முதல் சம்பளம், பகுதிநேர வேலையில் சேர்த்த காசு என்று ஒவ்வொரு கார்டுக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் உழைப்பு இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் செத்தால் தனியாகச் சாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதுகாப்புச் சுற்று இல்லாத பெட்டி கார்டையும் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் முகம் 150 மில்லிமீட்டர் அகலம், 86 மில்லிமீட்டர் உயரம் என்று இன்றும் அப்படியே இருக்கிறது. ஸ்லாட் பிசிஐயிலிருந்து ஏஜிபிக்கும் அங்கிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸுக்கும் மாறியது. பிராசசர் சாக்கெட் எத்தனையோ முறை மாறியது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் அதே இடத்தில் நிற்கின்றன. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு இன்று ஐந்து, ஏழு, பத்து ஆண்டு வாரண்டி தருகிறார்கள். மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கார்டு மாற்றுகிற வீட்டில் ஒரே எஸ்எம்பிஎஸ் இரண்டு மூன்று கார்டுகளைப் பார்த்துவிடும். கம்ப்யூட்டரில் போடும் பணத்தில் மிக நீண்ட நாள் உழைப்பது இதுதான்.

ஆகவே கார்டுக்குப் பணம் சேர்க்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கார்டின் விலையைப் பார்க்கும் முன் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் லேபிளின் 12 வோல்ட் வரியை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் வாட்டைச் சொல்லாமல் அந்தப் படத்தைக் காட்டுங்கள். போதாது என்றால் இந்த மாதம் எஸ்எம்பிஎஸ், அடுத்த மாதம் கார்டு. கடைக்காரர்களும் கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு தனி வரி ஒதுக்கி, மாடல் பெயரோடு 12 வோல்ட் ஆம்பியரையும் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும்; எழுதிவிட்டால் "தாங்குமா?" என்று கேட்டு வரும் பிள்ளைக்கு ஊகத்தால் அல்லாமல் கணக்கால் பதில் கிடைக்கும்.